குறை என்கிற அக்கா

ஒரே ஒரு கோடு. அதைப் போடத்தான் இவ்ளோ அமளி.

கோடுன்னா பெரிய கோடெல்லாம் இல்ல. கீபோர்டுல அது எங்க இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. செங்குத்தா, ஒட்டடைக்குச்சியைச் சுவத்துல சாத்தி வெச்ச மாதிரி நிக்கும். கம்ப்யூட்டர்காரங்க அதுக்கு வெச்ச பேரு பைப். அந்தப் பேரை வெச்சவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும், ஆனா தண்ணி ஆபீஸ் பக்கம் வந்துடாம இருக்கட்டும்.

தண்ணி ஆபீஸ்ல மெயில் சர்வரைப் பாத்துக்க ஒருத்தன் இருந்தான். காண்ட்ராக்ட் ஆளு. சர்வரைப் பாத்துக்கிறதால ஆபீஸ் மொத்தமும் அவனை ‘சர்வர்’னே கூப்பிட்டுச்சு. அதுல ஒரே சிக்கல், பாதிப் பேரு அவனைப் பார்த்ததும் ரெண்டு காபி சொல்லிடுவாங்க. மொதல்ல அவனுக்குக் கோவம் வந்துச்சு. காபி வாங்கிக் குடுத்தா ஃபைல் நகருதுன்னு தெரிஞ்சதும் கோவம் தானா இறங்கிடுச்சு.

இந்தச் சர்வருக்கு ஒரு அக்கா. சலவைக் கடை வெச்சிருந்தா. ஆள் நுழையற அளவுக்கு வாய் இருக்கற மிஷின் ரெண்டு, மேல துணி காயப்போட மாடி. ஒரு ஆஸ்பத்திரியோட பெட்ஷீட், போர்வை, தலகாணி உறை மொத்தமும் அவ கடைக்குத்தான் வரும். அதுல தான் அவ குடும்பமே ஓடுது. இப்ப அந்தத் தெருவுல தண்ணி நின்னு போச்சு. தெரு முனைல பூமிக்கடியில பைப் உடைஞ்சு, வர்ற தண்ணியை எல்லாம் மண்ணே குடிச்சிட்டு ஏப்பம் விடுது. மிஷின் ரெண்டும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. அழுக்கு பெட்ஷீட் மட்டும் நிக்காம வருது. மாமா தினமும் வண்டியில ரெண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கிட்டு அடுத்த ஏரியா போய்க் கொண்டு வர்ற தண்ணி, மிஷினுக்குத் தொண்டை நனைக்கக்கூடப் பத்தல.

ஆஸ்பத்திரிலேர்ந்து மரியாதையாத்தான் சொன்னாங்க. “இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா நாங்க வேற கடை பாத்துக்கிறோம்மா.” மரியாதையா சொன்னா அர்த்தம் மாறிடுமா என்ன.

அக்கா தம்பிக்குப் போன் போட்டா.

“டேய், நீ தண்ணி ஆபீஸ்ல தானடா வேலை பாக்குற?”

“ஆமாக்கா.”

“அங்க தண்ணி வருதா?”

“வருதுக்கா.”

“நல்லா மூஞ்சியக் கழுவுடா ராசா. கூடப் பொறந்தவ இங்க நாறிக்கிட்டு கெடக்கட்டும்.”

“‘குறை’ங்கற அட்ரஸுக்கு மெயில் போட்டியாக்கா?”

“போடறேன்டா. தினமும் போடறேன். காலைல பல்லு தேய்க்கத் தண்ணி இல்லையா, அந்த நேரத்துல அதைத்தான் பண்றேன். போட்ட உடனே பதில் வருதுடா. ஆகா, என்ன சுறுசுறுப்புன்னு தொறந்து பாத்தா, ‘பெட்டி நிறைஞ்சிருச்சு’ன்னு இருக்கு. எந்தப் பெட்டிடா அது? உள்ள அப்படி என்னத்தைடா அடைச்சு வெச்சிருக்கீங்க?”

உள்ள இருந்ததெல்லாம் இவளை மாதிரி ஆளுங்களோட குறைதான். விஷயம் இதுதான். சர்வர்ல அலியாஸ் ஃபைல்னு ஒண்ணு இருக்கும். இடது பக்கம் ஒரு பேரு, வலது பக்கம் அந்தப் பேருக்கு வர்ற மெயிலை யார்கிட்ட சேர்க்கணும்ங்கறது. ‘குறை’ங்கற பேருக்கு எதிர்ல ஒரு ஆபீசரோட பேரு இருந்துச்சு. அவரு ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தி பாத்து, மூட்டு வலிக்கு ஆபரேஷனும் பண்ணிக்கிட்டாரு. அவரோட மெயில் பெட்டி மட்டும் இன்னும் சர்வீஸ்ல இருக்கு. நிரம்பி வழியுது.

நம்ம சர்வர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருந்தான். குட்டியா ஒரு புரோகிராம். மெயிலைப் படிக்கும், தெருப் பேரைக் கவ்வும், அந்தத் தெருவுக்கு ரிப்பேர் பாக்கற ஆளுங்களோட போனுக்கு உடனே தகவலைத் தட்டிவிடும். அலியாஸ் ஃபைல்ல ரிட்டயர்டு ஆபீசர் பேரை எடுத்துட்டு, அங்க ஒரு பைப் கோடு, பக்கத்துல புரோகிராமோட பேரு. அப்புறம், ‘ஃபைல் மாறியிருக்கு, திரும்பப் படிச்சுக்கோ’ன்னு சர்வர் மிஷினுக்கு ஒரு கமாண்ட். வர்ற மெயில் எந்த மனுஷன் கையிலயும் மாட்டாம நேரா புரோகிராம் வாய்க்குள்ள போயிடும். தும்மல் வர்ற மாதிரி இருந்து வராமப் போகுமே, அவ்ளோ நேரம் தான் இந்த வேலைக்கு.

“அப்ப போட்டுத் தொலைக்க வேண்டியதுதானேடா?”

“அனுமதி இல்லாமப் போடக்கூடாதுக்கா. எனக்கு முன்னாடி இருந்தவன் அந்த ஃபைல்ல ஒரு கமாவை எடுத்தான். அவனையே எடுத்துட்டாங்க.”

“சரி, ரிப்பேர் ஆளுங்ககிட்ட வாயால சொல்லேன். உனக்கு வாய் இருக்குல்ல?”

“வாயால சொன்னா அது வதந்தியாம்க்கா. மெயில்ல வந்தாதான் குறை.”

போன்ல பின்னாடி மாமா குடத்தை இறக்கற சத்தம் டங்குனு கேட்டுச்சு.

“அனுமதி வாங்குடா,” அப்படின்னா அக்கா. “காலைப் புடி, கையைப் புடி, எதையாவது புடி. மிஷின் ஓடலைன்னா நான் இதை இழுத்து மூடணும்.”

சர்வர் மனு எழுதினான். சுருக்கமா, தெளிவா, ஒரே வாக்கியத்துல: ‘குறை என்ற அலியாஸுக்கு வரும் மெயில்களைப் பைப் மூலம் புரோகிராமுக்குச் செலுத்த அனுமதி வேண்டுகிறேன்.’ எழுதிட்டு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தான். இதுல யாருக்கு என்ன குழப்பம் வரப்போகுதுன்னு அவனுக்கே ஒரு பெருமை.

சூப்பிரண்டு அதை வாங்கி, கண்ணாடியைத் துடைச்சு, சத்தமா வாசிச்சாரு. அந்த ஆபீஸ்ல எந்தக் காகிதமும் சூப்பிரண்டு மேஜையைத் தாண்டித்தான் போகணும், காத்துல பறந்து வந்தா கூட. சிவப்புப் பென்சிலை எடுத்து மூணு வார்த்தையைச் சுத்தி வட்டம் போட்டாரு.

“அலியாஸ். இது அடையாளப் பிரிவுக்குப் போகணும். பைப். பைப் பிரிவு. புரோகிராம். விழாப் பிரிவு.”

“சார், சார், இது மூணும் சேர்ந்து ஒரே வேலை சார். ஒரே வரி.”

“சேர்ந்து இருக்கறதைப் பிரிக்கறதுக்குத்தான்ப்பா இந்த ஆபீஸையே கட்டியிருக்கு.”

“இல்ல சார், இதெல்லாம் கம்ப்யூட்டர் வார்த்தை. இங்க பைப்புன்னா வேற அர்த்தம்.”

சூப்பிரண்டு பென்சிலைக் கீழ வெச்சாரு. சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு. “தம்பி, ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வெச்சுக்கிறதெல்லாம் வீட்டுல. இங்க ஒரு வார்த்தைக்கு ஒரு பிரிவு. பிரிவு என்ன சொல்லுதோ அதான் அர்த்தம். வட்டம் போட்டாச்சு. போட்ட வட்டத்தை அழிக்க என்கிட்ட ரப்பர் இல்ல, ரப்பருக்கு எழுதியிருக்கேன், வரல.” அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி, “போகும்போது ரெண்டு காபி சொல்லிட்டுப் போ.”

அடையாளப் பிரிவு மேடம் ரூம்ல உக்கார ஒரே நாற்காலி, அதுல அவங்க உக்கார்ந்திருந்தாங்க. மேஜை மேல கைகழுவற திரவம், அதுக்குப் பக்கத்துல துண்டு, அதுக்குப் பக்கத்துல ஃபைல். ஒவ்வொரு ஃபைலைத் தொட்டு முடிச்சதும் எந்திரிச்சுப் போய்க் கை கழுவிட்டு வருவாங்க. நம்ம ஃபைலைத் தொடறதுக்கு முன்னாடியே ஒரு தடவை கழுவினாங்க.

“அலியாஸ் யாருக்கு இருக்கும்னு தெரியுமா தம்பி?”

“மெயில் அட்ரஸுக்கு மேடம்.”

“திருடனுக்கு. போலீஸ் நோட்டீஸ் பாத்ததில்ல? இன்னார் என்கிற இன்னார்னு போட்டோ ஒட்டியிருப்பாங்க. ஒரு கௌரவமான ஆபீஸ்ல ஒருத்தன் ‘குறை’ன்னு பொய்ப் பேரு வெச்சுக்கிட்டு ஊர்ல இருக்கற கடுதாசியை எல்லாம் வாங்கிக்கிட்டு இருக்கான், இத்தனை நாளா யாரும் கேக்கலையா? யாரு அவன்? அசல் பேரு என்ன?”

“மேடம், அது ஆளே இல்ல. சும்மா ஒரு பேரு.”

“ஆள் இல்லாத பேரா?” மேடம் அதிர்ச்சியாயிட்டாங்க. “பேரு இல்லாத ஆளுங்க இருக்காங்க, நம்ம காண்ட்ராக்ட் ஆளுங்க எல்லாம் அப்படித்தான். அதுக்கு ரூல் இருக்கு. ஆள் இல்லாத பேருக்கு ரூல் இல்ல. குறை என்கிற யாருன்னு ஒரு ஆளைக் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்.”

“ஆபீஸ்ல யாரையாவது போட்டுக்கலாமா மேடம்?”

“இந்த ஆபீஸ்ல யார்கிட்டயும் குறை கிடையாது. எழுத்து மூலமா உறுதி குடுத்திருக்கோம். வெளில தான் பாக்கணும். யாரு நெறைய குறை சொல்றாங்களோ அவங்களைப் போடுங்க. அதான் பொருத்தம்.”

சர்வர் யோசிச்சான். ரொம்ப நேரமெல்லாம் யோசிக்கல. அவனுக்குத் தெரிஞ்சு ஒருத்திதான்.

அக்கா பேரு, கடை விலாசம், ஒரு போட்டோ எல்லாம் ஃபைல்ல ஏறிச்சு. மேடம் கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க. “இந்தப் புரோகிராமை யாரு நடத்துவா? பொறுப்பு யாரு?”

இங்க ஒரு சின்ன டெக்னிக்கல் சமாச்சாரம். பைப் வழியா ஓடற புரோகிராமை சர்வர் மிஷின் தன்னோட சொந்தப் பேர்ல ஓட்டாது. ‘நோபடி’ன்னு ஒரு டம்மி யூசர் வெச்சிருக்கும், எந்த அதிகாரமும் இல்லாத யூசர், அவன் பேர்ல தான் ஓட்டும். பாதுகாப்புக்காக. நம்மாளு உண்மையைச் சொன்னான்.

“நோபடி மேடம்.”

“அப்படின்னா?”

“யாருமில்லை.”

மேடம் முகத்துல அன்னைக்கு மொத தடவையா ஒரு சிரிப்பு. பேனாவை எடுத்து, ‘பொறுப்பாளர்: யாருமில்லை’ன்னு அழகா எழுதி, கீழ கோடும் போட்டாங்க. “எத்தனையோ ஃபைல் பாத்திருக்கேன் தம்பி. இவ்ளோ சுத்தமா ஒண்ணு பாத்ததில்ல.” எந்திரிச்சுப் போய்க் கை கழுவிட்டு வந்தாங்க.

அடுத்த வாரம் அக்காவுக்கு ஒரு அடையாள அட்டை வந்துச்சு. போட்டோல முறைச்சுக்கிட்டு இருந்தா. கீழ, ‘குறை’.

“என்னடா இது?”

“ஒரு நடைமுறைக்கா. கண்டுக்காத.”

“கல்யாணம் ஆகி வந்தப்ப என் மாமியார் வெச்ச பேருடா இது. அவங்க பேச்சளவுல வெச்சிருந்தாங்க. நீங்க அட்டை போட்டே குடுத்துட்டீங்க.”

மாமா உள்ள இருந்து, “நான் ஒண்ணும் சொல்லலம்மா,” அப்படின்னாரு. யாரும் அவரைக் கேக்கல.

பெட்ஷீட் மூட்டை அதுக்குள்ள ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்துச்சு. கடைக்குள்ள ஆஸ்பத்திரி வாசம். பக்கத்துக் கடைத் தையல்காரர் மூக்குல துணி கட்டிக்கிட்டுத் தைச்சாரு.

சர்வர் பைப் பிரிவுக்கு ஓடினான். அங்க இன்ஜினியர் மேஜைல எல்லாமே பைப்புதான். ஒரு துண்டுல பேனா சொருகியிருந்துச்சு. இன்னொரு பைப் துண்டு, காகிதம் பறக்காம இருக்க. இன்னொண்ணைக் கண்ணுல வெச்சு அவனையே பார்த்தாரு.

“எத்தனை இன்ச்?”

“சார், இது அந்த பைப் இல்ல சார். ஒரு கோடு. கீபோர்டுல இருக்கும். இந்தப் பக்கம் வர்றதை அந்தப் பக்கம் தள்ளிவிடும், அவ்ளோதான்.”

“இந்தப் பக்கம் வர்றதை அந்தப் பக்கம் தள்ளிவிடும்.” இன்ஜினியர் மெதுவா திருப்பிச் சொன்னாரு. “தம்பி, நான் காலேஜ்ல படிச்ச பைப்பும் அதைத்தான் செஞ்சுச்சு. கோடு படுத்திருக்குமா, நிக்குமா?”

“நேரா நிக்கும் சார்.”

“அப்ப மாடிக்கு ஏத்தறீங்க. உள்ள என்ன போகும்?”

“மெயில் சார்.”

“கெட்டியா, நீர்க்கவா?”

“தெரியல சார். சிலதெல்லாம் ரொம்பக் காரமா இருக்கும்.”

“காரம்னா இரும்பை அரிச்சிடும். பிளாஸ்டிக் போட்டுடலாம்.” எழுதிக்கிட்டாரு. “எங்க ஆரம்பிக்குது?”

“சர்வர் ரூம்ல.”

“எங்க முடியுது?”

“புரோகிராம்ல சார்.”

“புரோகிராம் ஒரு இடம் இல்லையேப்பா.” ஃபைலைப் புரட்டி, மேடம் கையெழுத்துப் போட்ட பக்கத்துல நிறுத்தினாரு. “இதோ இருக்கே. குறை. விலாசம், சலவைக் கடை. பைப்புன்னா குறை இருக்கற இடத்துக்குத்தானே போகணும்?”

சர்வர் அந்த ஆபீஸ்ல சேர்ந்ததுல இருந்து கேட்ட மொத நியாயமான வாக்கியம் அதுதான். தப்பான வழியில வந்து சேர்ந்திருந்துச்சு, அவ்ளோதான்.

இருந்தாலும் மனசு கேக்காம நேர்மையா ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். “சார், அந்தத் தெருவுல ஏற்கனவே ஒரு பைப் இருக்கு. முனைல உடைஞ்சிருக்கு. அதைச் சரி பண்ணினாலே தெரு மொத்தத்துக்கும் தண்ணி வந்துடும் சார். இவ்ளோ வேலையே வேண்டாம்.”

“உடைஞ்சிருக்குன்னு குறை வந்துச்சா?”

“வந்துச்சு சார். பெட்டி நிறைஞ்சு...”

“எனக்கு வரல. தம்பி, நல்லா கேட்டுக்கோ. வராத குறையை நான் சரி பண்ணிட்டேன்னு வை, அப்புறம் வந்த குறையை ஏன் சரி பண்ணலைன்னு கேப்பாங்க. இந்த டிபார்ட்மென்ட்டை இத்தனை நாள் காப்பாத்தறதே அந்த ஒரு ஒழுக்கம் தான்.”

சர்வர் வாயைத் தொறந்தான். ஜன்னல் உயர மூட்டை ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டான். திரும்பத் தொறந்தப்ப வேற வார்த்தை வந்துச்சு.

“இன்ச் மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க சார். மெயில் நெறைய வரும்.”

பள்ளம் தோண்ட ஆரம்பிச்சாங்க. ஆபீஸ் சர்வர் ரூம் சுவத்துல ஓட்டை போட்டு, கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைச் சுத்தி, ஸ்கூல் மதிலை ஒட்டி, அக்கா தெரு முனைக்கு வந்தாங்க. அங்க தோண்டினப்ப பழைய பைப் தட்டுப்பட்டுச்சு. உடைஞ்ச இடத்துல தண்ணி குபுகுபுன்னு பொங்கிக்கிட்டு இருந்துச்சு. தோண்டின ஆளுங்க எட்டிப் பார்த்தாங்க. மேஸ்திரி ஃபைலைப் பார்த்தாரு. ஃபைல்ல அது இல்ல. அடுத்த வீட்டுச் சண்டையைப் பார்த்துட்ட மாதிரி நாகரிகமா முகத்தைத் திருப்பிக்கிட்டு, ஒரு முழம் தள்ளித் தோண்டிப் புதுப் பைப்பைப் பதிச்சுட்டுப் போயிட்டாங்க.

இதுக்கு நடுவுல விழாப் பிரிவுலேர்ந்து சூப்பிரண்டுக்குப் போன். சூப்பிரண்டு ரிசீவரைக் கையால மூடிக்கிட்டு சர்வர்கிட்ட கேட்டாரு. “புரோகிராம் எத்தனை மணி நேரம்னு கேக்கறாங்க.”

“அது எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும் சார். பகலும் ராத்திரியும்.”

சூப்பிரண்டு போன்ல சொன்னாரு. கொஞ்சம் கேட்டுட்டு மறுபடி மூடினாரு. “அப்ப எத்தனை வேளைக்குச் சாப்பாடு சொல்லணும்னு கேக்கறாங்க.”

திறப்பு விழா சர்வர் ரூம்லயே நடந்துச்சு. சின்ன ரூம். ஏசி. சர்வர் மிஷினுக்கு மேல பூங்கொத்து வெச்சிருந்தாங்க, அது சூடு தாங்காம வாடிக்கிட்டு இருந்துச்சு. சுவத்துல இருந்து புதுப் பைப் வாயைக் காட்டிக்கிட்டு நிக்க, அதுக்குக் குறுக்க சிவப்பு ரிப்பன். டைரக்டர் வந்தாரு. மைக்கே தேவையில்லாத ரூம்ல மைக்கைப் புடிச்சாரு.

“நண்பர்களே! இவ்வளவு நாள் பொதுமக்களோட குறை எல்லாம் நம்ம ஆபீசுக்கு வந்து நம்ம ஆபீஸ்லயே தேங்கிக் கெடந்துச்சு. தேங்கறது நல்லதில்ல. கொசு வரும்.” கைதட்டல். “இனிமே எந்தக் குறையும் நம்ம கிட்ட நிக்காது. வர்ற வழியிலயே வெளிய போயிடும். அதைப் படிக்கணும்ங்கற சங்கடம் இல்ல. படிச்சும் படிக்காத மாதிரி இருக்கணும்ங்கற சிரமம் இல்ல. நான் கேட்டேன், இதுக்கெல்லாம் யாருய்யா பொறுப்புன்னு. யாருமில்லைன்னு ஃபைல்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. என் கண்ணு கலங்கிடுச்சு. இப்படி ஒரு நிர்வாகத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷமா கனவு கண்டுக்கிட்டு இருந்தேன். ஆபீஸ் நேரத்துலயே கண்டேன்.”

கைதட்டல் அடங்க நேரமாச்சு. டைரக்டர் ரிப்பனை வெட்டி, பைப்பைப் பார்த்து, “மெயிலைப் போடுங்க,” அப்படின்னாரு.

எல்லாரும் சர்வரைப் பார்த்தாங்க.

“மெயில் மிஷினுக்குள்ள இருக்கு சார்.”

“அப்ப வெளிய எடுங்க.”

ரிட்டயர்டு ஆபீசரோட பெட்டியைத் தொறந்து, பிரிண்டரை ஓட விட்டாங்க. பிரிண்டர் மூச்சு வாங்கற வரைக்கும் ஓடுச்சு. டைரக்டர் மொத காகிதத்தைச் சுருட்டிப் பைப்புக்குள்ள சொருகினாரு. போட்டோ. சூப்பிரண்டு அடுத்ததைச் சொருகினாரு. மேடம் கிளவுஸ் போட்டுக்கிட்டுச் சொருகினாங்க. மிச்சத்தை இன்ஜினியர் கம்பியால குத்தித் தள்ளினாரு. பாதியில அடைச்சுக்கிச்சு.

“காலிப் பைப்பா விடறதுக்கு ரூல் இல்ல,” இன்ஜினியர் சொன்னாரு. “தண்ணி ஏத்திப் பாக்கணும்.” ஆபீஸ் மாடி டேங்க்ல இருந்து ஒரு இணைப்பை முன்னாடியே குடுத்து வெச்சிருந்தாரு. வால்வைத் திருகினாரு.

சர்வர் அதுக்கு மேல நிக்கல. வண்டியை எடுத்துக்கிட்டு அக்கா கடைக்குப் பறந்தான்.

கடைத் தரையில ரெண்டு மிஷினுக்கும் நடுவுல பைப் வாய் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அக்கா, மாமா, மூக்குத் துணியோட தையல்காரர், மூணு பேரும் அதைச் சுத்தி நின்னாங்க, பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி. மொதல்ல வெறும் காத்து. அப்புறம் ஒரு பெரிய கனைப்பு. அப்புறம் சேறு. அப்புறம் பொத்துன்னு ஒரு காகிதச் சுருள் வந்து மாமா மேல விழுந்துச்சு. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. அப்புறம் வரிசையா. மாமா ரெண்டு கையாலயும் புடிச்சுப் புடிச்சுத் தொட்டிக்குள்ள போட்டாரு.

அதுக்கப்புறம் தண்ணி வந்துச்சு. சும்மா இல்ல, தரையை விட்டு ஒரு ஆள் உயரத்துக்கு.

அக்கா முகத்துல விழுந்த தண்ணியைத் துடைக்கக்கூட இல்ல. மொத மூட்டையைப் புரட்டி மிஷினுக்குள்ள தள்ளி, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினா. மிஷின் சுத்த ஆரம்பிச்சதும் தான் திரும்பினா.

“தம்பி, என்னடா பண்ணின?”

“ஒரு கோடு போடணும்னு கேட்டேன்க்கா. வேற ஒண்ணும் பண்ணல.”

நனைஞ்ச காகிதம் எல்லாத்தையும் அவ தூக்கிப் போடல. துணிக்காரி புத்தி, ஈரம்னா காய வைக்கணும். பெட்ஷீட்டுக்குப் பக்கத்துல கொடியில வரிசையா கிளிப் போட்டு மாட்டினா. தெருவே வந்து தலையைத் தூக்கிப் படிச்சுச்சு. ‘எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு, தண்ணி சேறா வருது.’ ‘ஐயா, ஸ்கூல் பாத்ரூம்ல சொட்டுத் தண்ணி இல்ல.’ ‘இது என்னோட கடைசி மெயில்’னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அதே ஆளு அதுக்கப்புறமும் நெறைய போட்டிருந்தாரு. தையல்காரர் தன்னோடதைக் கண்டுபிடிச்சு, “என்னோடது இந்தா இருக்கு! ஸ்பெல்லிங் எல்லாம் சரியா இருக்கு பாத்தியா?”ன்னு எல்லாருக்கும் காட்டினாரு. அந்தக் குறைகளை மனுஷங்க படிச்சது அதுதான் மொத தடவை.

மாசம் முடியறதுக்குள்ள ஆஸ்பத்திரி மூட்டை மொத்தமும் வெளுத்து, மடிச்சு, வண்டி ஏறிடுச்சு. கடை தப்பிச்சுது.

சர்வர் சூப்பிரண்டைப் பார்க்கப் போனான். “சார், பைப் போட்டாச்சு. விழாவும் முடிஞ்சுது. இப்பவாவது அந்தக் கோட்டைப் போட்டுடட்டுமா? ஊர்ல மத்தவங்க குறை எல்லாம் இன்னும்...”

“எந்தக் குறை?” சூப்பிரண்டு ஃபைலைத் தொறந்து காட்டினாரு. “குறைன்னா யாரு? உங்க அக்கா. அவங்களுக்குத் தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“அப்ப குறை தீர்ந்துச்சு. அலியாஸ் ஃபைல்ல அந்த வரியையே எடுத்துடச் சொல்லி உத்தரவு வந்தாச்சு. ஊர்ல குறைங்கற பேர்லயே இனிமே ஆள் கிடையாது. டைரக்டர் ரொம்ப சந்தோஷமா இருக்காரு. ரெண்டு காபி சொல்லு, உனக்கும் சேர்த்து மூணா சொல்லு.”

ஊர்ல யாரு குறைக்கு மெயில் போட்டாலும், ‘அப்படி ஒருத்தர் இங்க இல்லை’ன்னு பதில் வந்துச்சு. பழைய பதிலுக்கு இது தேவலைன்னு சில பேரு சொன்னாங்க, குறைஞ்சது பெட்டி சுத்தமாயிருக்கே.

அக்கா கடை வாசல்ல தெருவே குடத்தோட நின்னுச்சு. கைக்குழந்தைக்காரி மொத ஆளு. அக்கா ஒரு நிமிஷம் பார்த்தா. மாமாவைக் கூப்பிட்டு, காயப்போடற மாடியில இருந்து நீள ஹோஸ் ஒண்ணைக் கொண்டு வரச் சொன்னா. ஒரு முனை பைப்புல. இன்னொரு முனை தையல்காரர் சுவத்தைத் தாண்டி. அங்க இருந்து இன்னொரு ஹோஸ் அடுத்த வீடு. அங்க இருந்து ஸ்கூலுக்கு. தெரு பூரா நூல் கோத்த மாதிரி ஹோஸ் ஓடுச்சு.

அதோட ஆபீஸ் மாடி டேங்க்ல ஏறற தண்ணி எல்லாம் ஏற ஏறத் தெருவுக்கே வடிஞ்சு, டேங்க் காலி ஆயிடுச்சு.

ஆபீஸ்ல கை கழுவக் குழாயைத் தொறந்தா காத்துதான் வந்துச்சு. மேடம் ஃபைலைத் தொட்ட கையோட அப்படியே நின்னாங்க, எதையும் தொட முடியாம. யாருக்குச் சொல்றதுன்னு பாத்தாங்க. குறைக்கு மெயில் போட்டாங்க. ‘அப்படி ஒருத்தர் இங்க இல்லை’ன்னு வந்துச்சு.

கடைசியில மேடம், சூப்பிரண்டு, இன்ஜினியர் மூணு பேரும் ஜீப்புல ஏறி, போட்ட பைப்பை மோந்து பாத்துக்கிட்டே கடைக்கு வந்து இறங்கினாங்க. வழி காட்ட சர்வரையும் ஏத்திக்கிட்டாங்க. அவன் வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டான். இறங்கும்போதே அக்காகிட்ட கண்ணால கெஞ்சினான்.

மேடம் ஹோஸைப் பார்த்தாங்க. க்யூவைப் பார்த்தாங்க. கொடியில இன்னும் தொங்கிக்கிட்டு இருந்த காகிதங்களைப் பார்த்தாங்க. கையை உடம்புல படாம தூக்கி வெச்சுக்கிட்டே பேசினாங்க.

“ஏம்மா, நீங்கதானே குறை?”

“அட்டை போட்டுக் குடுத்தது நீங்கதானே மேடம்.”

“ஒரு அலியாஸுக்கு வந்ததை, அந்த அலியாஸ் மட்டும் தான் வெச்சுக்கணும். அனுமதி இல்லாம அடுத்தவங்களுக்குத் தள்ளிவிடறது என்னன்னு தெரியுமா? ஃபார்வர்டு. ஃபார்வர்டு பண்றது பெரிய குத்தம். ஹோஸைப் புடுங்கச் சொல்லுங்க. உங்க தம்பி காண்ட்ராக்ட் என் கையில இருக்கு.”

கைக்குழந்தைக்காரி குடத்தை மெல்ல இழுத்துக்கிட்டு க்யூவோட கடைசிக்குப் போயிட்டா. சர்வர் தரையைப் பார்த்தான்.

அக்கா இடுப்புல சொருகியிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைச்சா. கொடியில தொங்கின காகிதங்களை ஒரு தடவை பார்த்தா. ஆஸ்பத்திரிக்குத் துணிக் கணக்கைத் தினமும் மெயில்ல அனுப்பறவ, இந்த மெயில் பாஷை எல்லாம் அவளுக்கும் கொஞ்சம் தெரியும்.

“இது ஃபார்வர்டு இல்ல மேடம். ரிப்ளை ஆல்.”

“என்னது?”

“இவங்க எல்லாரும் உங்களுக்கு மெயில் போட்டிருக்காங்கல்ல? எல்லாருக்கும் சேர்த்து பதில் போட்டிருக்கேன். உங்க ஆபீஸ் சார்பா. அட்டை இருக்கு.”

மேடம் சூப்பிரண்டைப் பார்த்தாங்க. சூப்பிரண்டு அனிச்சையா சிவப்புப் பென்சிலை எடுத்துட்டாரு. உள்ளங்கையில ‘ரிப்ளை’ன்னு எழுதி, வட்டமும் போட்டுட்டாரு. அப்புறம் அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

“மேடம்,” குரல் தணிஞ்சு வந்துச்சு. “ரிப்ளைக்கு நம்மகிட்ட பிரிவே இல்லையே.”

“இல்லையா?”

“என்னைக்கும் இருந்ததில்ல மேடம். தேவைப்பட்டதே இல்ல.”

“அப்ப யாரு நடவடிக்கை எடுக்கறது?”

“பிரிவு இருந்தாதான் மேடம் நடவடிக்கை. ஹோஸையும் தொட முடியாது, தம்பியையும் தொட முடியாது. மொதல்ல ஒரு பிரிவு கேட்டு எழுதணும்.”

“எந்தப் பிரிவுக்கு எழுதறது?” இன்ஜினியர் கேட்டாரு.

மூணு பேரும் நடுத் தெருவுல நின்னு அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. வெயில் ஏறுச்சு. மிஷின் அடுத்த மூட்டையைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஹோஸ்ல தண்ணி குறைஞ்சு வரவும், அக்கா இன்ஜினியரைக் கூப்பிட்டு, “சார், ரிப்ளை பாதியில நிக்குது பாருங்க, தெரு முனைல உடைஞ்சிருக்கறதைச் சரி பண்ணி இதோட சேர்த்துவிடுங்க”ன்னா. ரிப்ளைங்கற பேர்ல வந்த வேலை, எந்த ஃபைல்லயும் இல்ல, அதைச் செய்யக்கூடாதுன்னும் எந்த ஃபைல்லயும் இல்ல. இன்ஜினியர் கொஞ்சம் தலையைச் சொறிஞ்சாரு. சட்டையை மடிச்சுவிட்டுக்கிட்டு முனைப் பக்கம் நடந்தாரு.

மேடம் மட்டும் தூக்கின கையோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் தாங்கினாங்க. அப்புறம், யாரும் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டு, மெதுவா நகர்ந்து போய் க்யூவுல கடைசியா நின்னாங்க.

“கை கழுவத்தான்,” அப்படின்னாங்க, முன்னாடி நின்ன கைக்குழந்தைக்காரிகிட்ட.

“தெரியும் மேடம்,” அவ குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாத்திக்கிட்டா. “தண்ணிக்கு நிக்கறது எங்களுக்குப் பழகினதுதானே. வரிசையில வாங்க.”